'இன்' வந்தாலே எதிர்ப்பதமா? டேங்கர் லாரி சொல்லும் ஆங்கிலப் பாடம்!

பெட்ரோல் டேங்கர் லாரிக்குப் பின்னால் வண்டி ஓட்டியவர்கள் கவனித்திருக்கலாம். பெரிய எழுத்தில் 'ஹைலி இன்ஃப்ளாமபிள்' என்று எழுதியிருக்கும். எளிதில் தீப்பற்றும் என்று அர்த்தம். சரி, 'ஃப்ளாமபிள்' என்றால்? அதற்கும் அதே அர்த்தம்தான்!

பள்ளியில் படித்த கணக்கு இங்கேதான் இடிக்கிறது. கரெக்ட் - இன்கரெக்ட், விசிபிள் - இன்விசிபிள் என்று படித்தவர்களுக்கு, முன்னால் 'இன்' வந்தாலே எதிர்ப்பதம். அந்தக் கணக்குப்படி 'இன்ஃப்ளாமபிள்' தீப்பிடிக்காத பொருளாகிவிடும். பரீட்சையில் அப்படி எழுதினால் ஒரு மார்க் போகும். பெயின்ட் தின்னர் டப்பாவை அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டு அப்படி நினைத்தால்?

குழப்பத்தின் வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே 'இன்' இரண்டு வகை. ஒன்று, 'இல்லை' என்று மறுக்கும். இன்னொன்று, 'உள்ளே' என்று பொருள் தரும். தீ மூட்டுவதைக் குறிக்கும் 'இன்ஃப்ளாமாரே' என்ற லத்தீன் சொல்லில் இருப்பது இரண்டாவது வகை. அதிலிருந்து வந்ததுதான் 'இன்ஃப்ளாமபிள்'. டாக்டர்கள் சொல்லும் 'இன்ஃப்ளமேஷன்' என்ற வார்த்தையும் இதே குடும்பம். அதற்குத் தமிழில் அழற்சி என்று பெயர். அழல் என்றாலும் நெருப்புதான்!

மறுக்கும் 'இன்' வந்தால் மட்டும் நிம்மதியா? அதுவும் இல்லை. 'வேல்யுபிள்' மதிப்புள்ளது. 'இன்வேல்யுபிள்' மதிப்பில்லாதது அல்ல. மதிப்புப் போடவே முடியாத அளவுக்கு உயர்ந்தது. தமிழிலும் 'மதிப்பற்றது' வேறு, 'விலைமதிப்பற்றது' வேறு அல்லவா? 'இன்ஃபேமஸ்' இன்னும் வில்லங்கம். பிரபலம் ஆகாதவர் என்று நினைத்தால் தப்பு. கெட்ட பெயர் எடுத்துப் பிரபலமானவர். ஆண்டு விழா மேடையில் சிறப்பு விருந்தினரை அப்படி வரவேற்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மேடையில் சொதப்பினால் சிரிப்போடு போய்விடும். தீ விஷயம் அப்படியில்லை. இரண்டில் மூத்த சொல் 'இன்ஃப்ளாமபிள்'தான். 1766-ல் விஞ்ஞானி ஹென்றி கேவண்டிஷ் ஹைட்ரஜனைப் பற்றி எழுதியபோது 'இன்ஃப்ளாமபிள் ஏர்' என்றே குறிப்பிட்டார். ஆனால், 'இன்' பார்த்து மக்கள் ஏமாறக்கூடும் என்பதால், 1920-களில் அமெரிக்காவின் தேசிய தீ பாதுகாப்புச் சங்கம் 'ஃப்ளாமபிள்' என்று எழுதும்படி வலியுறுத்தத் தொடங்கியது. 1959-ல் பிரிட்டனின் தர நிர்ணய நிறுவனமும் அதையே ஆதரித்தது. பழைய சொல்லில் இலக்கணப் பிழை எதுவும் கிடையாது. ஆனால், அவசரத்தில் எச்சரிக்கையைப் படிப்பவருக்கு லத்தீன் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லையே!

இன்று வீட்டில் ஒருமுறை தேடிப் பாருங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர், ஹேண்ட் சானிட்டைசர், பாடி ஸ்பிரே என ஏதாவது ஒன்றில் இந்த இரண்டு சொற்களில் ஒன்று இருக்கும். எது இருந்தாலும் அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி பக்கம் கொண்டுபோகாதீர்கள். தீப்பிடிக்காது என்பதற்கு ஆங்கிலத்தில் 'நான்-ஃப்ளாமபிள்' என்று தனிச்சொல் இருக்கிறது. வீட்டுப் பிள்ளைகளுக்கு எதிர்ப்பதம் சொல்லிக் கொடுக்கும்போது, இந்த ஒரு சொல்லையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.