பெயரை மறைத்த மட்டை

தைப்பூசம் முடிந்த மறுவாரம் அது. தண்ணீர்மலையில் சாலையோரத் தண்ணீர்ப் பந்தல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் படிவத்தில் பயிலும் என் மகள் பள்ளியிலிருந்து ஓட்டமாக வந்தாள். பள்ளிப் பூப்பந்துக் குழுவில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. கையில் ஒரு விளம்பரத் தாளும் இருந்தது.

“அம்மா, இந்த மட்டை புதிதாக வந்திருக்கிறது. 700 ரிங்கிட்தான்!”

‘தான்’ என்ற அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரிப்பு வந்தது. விலையை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அவளுடைய அறைச் சுவரில் தீனா முரளிதரனின் படம் இருக்கிறது. 2022 காமன்வெல்த் போட்டியில் பெர்லி டானுடன் இணைந்து மகளிர் இரட்டையர் தங்கம் வென்றவர் அவர். அந்த உயரத்தை எட்ட நினைக்கும் பிள்ளையிடம் ‘வேண்டாம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அதே நேரத்தில், என் வலது முழங்கை எனக்கு ஒரு பழைய கதையை நினைவூட்டியது.

என் முதல் சம்பளத்தில் நானும் ஒரு மட்டை வாங்கினேன். “எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள்” என்றார் விற்பனையாளர். தண்டு மிகவும் விறைப்பானது. நரம்பை 28 பவுண்டு இழுவிசையில் கட்டச் சொன்னேன். பெரிய ஆட்டக்காரர்கள் அப்படித்தான் கட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மூன்றே வாரத்தில் முழங்கையில் வலி தொடங்கியது. மூன்று மாதம் ஆட்டத்தை விட்டேன். தவறாகத் தேர்ந்தெடுத்ததை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, இடறி விழுந்துவிட்டதாக அப்பாவிடம் பொய் சொன்னேன்.

இந்தக் கதையை மகளிடம் சொல்லவில்லை. “வாங்குவதற்கு முன் மதிப்பிட்டுப் பார்ப்போமா?” என்று மட்டும் கேட்டேன். தலையசைத்தாள்.

அன்றிரவு விளம்பரத் தாளைக் கூர்ந்து படித்தோம். ‘4யூ’ என்றால் 80 முதல் 84 கிராம் எடை. ‘3யூ’ என்றால் 85 முதல் 89 கிராம். எண் கூடினால் எடை குறையும் என்பது அவளுக்கு வியப்பாக இருந்தது. அடுத்தது சமநிலை. தலைப்பகுதி கனமாக இருந்தால் ‘ஸ்மாஷ்’ எனப்படும் அதிரடிக்கு வலுச் சேரும். ஆனால், எதிராளியின் வேகமான அடியைத் தடுக்க மட்டையைத் திருப்பும்போது அதே கனம் கையைத் தாமதப்படுத்தும். தண்டும் அப்படித்தான். விறைப்பான தண்டு வேகமாக வீசும் வலுவான கைக்கு ஏற்றது. வளரும் கைக்கு, சற்று வளைந்து கொடுக்கும் தண்டே பந்தைத் தொலைவுக்கு அனுப்ப உதவும்.

விளம்பரத்தில் ‘உச்ச வேகம்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். 2013இல் நம் நாட்டு வீரர் டான் பூன் ஹியோங் அடித்த பந்து மணிக்கு 493 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது. 2023இல் இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 565 கிலோமீட்டர் வேகத்தில் அடித்து அந்தச் சாதனையை முறியடித்தார். “அந்த வேகம் மட்டையிலிருந்து வந்ததா, தோளிலிருந்து வந்ததா?” என்று கேட்டேன். மகள் சற்று யோசித்துவிட்டு, “இரண்டிலிருந்தும்” என்றாள். சரியான விடைதான்.

பிறகு நான் ஒரு மதிப்பீட்டு அட்டவணை தயாரித்தேன். பாடத்திட்ட அதிகாரிக்கு அது பழகிய வேலை அல்லவா? எடை, சமநிலை, தண்டு, கைப்பிடி ஆகிய நான்குக்கும் தலா 15 புள்ளி. விலைக்கு 40 புள்ளி. மகள் அதை ஒருமுறை படித்தாள்.

“அம்மா, விலைக்கு மட்டும் 40 புள்ளி கொடுத்துவிட்டால், முடிவை முன்பே எழுதிவிட்டீர்கள் என்றுதானே பொருள்?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. விளம்பரம் அவளை இழுத்ததுபோல, விலை என்னை இழுத்திருந்தது. தேர்வுத்தாளில் மாணவரின் பெயர் இருக்காது. எண் மட்டுமே இருக்கும். திருத்துபவரின் விருப்பு வெறுப்பு புள்ளியில் கலந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. அதை நன்கு அறிந்த நானே தவறியிருந்தேன். விலையை அட்டவணையிலிருந்து நீக்கினேன். அதைக் கடைசியில் பார்ப்பதென்று இருவரும் ஒப்புக்கொண்டோம். நிறுவனப் பெயர்களையும் மறைத்து, மட்டைகளுக்கு அ, ஆ, இ என்று பெயரிட்டோம்.

சனிக்கிழமை காலை மண்டபத்துக்குப் போனோம். பயிற்றுநர் இரண்டு மட்டைகளை இரவல் தந்தார். புதிய மட்டையைக் கடைக்காரர் சோதித்துப் பார்க்கக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு மட்டையாலும் மகள் பந்தைப் பின்கோட்டை நோக்கி 20 முறை உயர்த்தி அடித்தாள். அவள் கையில் எந்த மட்டை இருக்கிறது என்று பார்க்காமல், நான் கோட்டை மட்டும் பார்த்து எண்ணினேன். பிறகு பயிற்றுநர் அடித்த 20 அதிரடிகளை அவள் தடுத்தாள்.

‘இ’ மட்டையில் 11 பந்துகள் பின்பகுதியை எட்டின. கடைசி ஐந்தும் பாதியிலேயே விழுந்தன. ‘ஆ’ மட்டையில் 17 எட்டின. தடுப்பாட்டத்திலும் ‘ஆ’ முந்தியது. ஆனால், அதிரடி அடித்தபோது ‘இ’ எழுப்பிய ஓசையே தனி. மகளின் முகம் மலர்ந்ததை நான் கவனித்தேன்.

மறுநாள் காலை அவளே அட்டவணையில் எழுதினாள்: “இ – அடி வலுவாக இருக்கிறது. தோள் வலிக்கிறது.”

அந்தக் கடைசி இரண்டு சொற்களைப் படித்தபோது என் கண் கலங்கியது. அந்த வயதில் எனக்கு வராத நேர்மை அது.

‘ஆ’ என்பது சமநிலையான, வளைந்து கொடுக்கும் 4யூ மட்டை. விலை 180 ரிங்கிட். அதை வாங்கி, நரம்பை 22 பவுண்டில் கட்டிக்கொண்டு வீடு திரும்பும் வழியில், என் முழங்கைக் கதையையும் அப்பாவிடம் சொன்ன பொய்யையும் அவளிடம் சொன்னேன்.

“முதலிலேயே சொல்லியிருக்கலாமே, அம்மா? இவ்வளவு சோதனை தேவைப்பட்டிருக்காதே.”

“சொல்லியிருந்தால், அது என் முடிவாக இருந்திருக்கும்” என்றேன்.

அந்த அட்டவணை இன்றும் அவள் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. ‘இ’ மட்டைக்கு நேராக ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டு, ‘ஐந்தாம் படிவத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும்’ என்று எழுதி வைத்திருக்கிறாள்.