விரல் வைக்கும் இடம்

மார்கழி பாதி கழிந்த ஒரு சனிக்கிழமை. கந்தகோட்டத்தை ஒட்டிய ராசப்ப செட்டித் தெருவில் காலை பத்து மணிக்கே நாட்டு மருந்துக் கடைகளில் ஆள் நிற்க இடமில்லை. சித்தி எழுதிக் கொடுத்த பிரசவ லேகியச் சீட்டை நீட்டினேன். சரக்குகளை எண்ணிப் பார்த்த கடைக்காரர், "இடிச்சு சலிச்சுக் குடுக்க ஒரு மணி நேரம் ஆவும், உக்காருங்க" என்று கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைக் காட்டினார். வந்தவர்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றே அழைத்தார்கள். அறுபது வயதிருக்கும். காதோரம் வெள்ளை முடி, கைவிரல்களில் மஞ்சள் கறை.

அந்த ஒரு மணி நேரத்தில் வந்தவர்களில் பாதிக்கு மேல் சைனஸ்காரர்கள். வாய் திறக்கும் முன்பே கை சொல்லிவிடுகிறது. ஒருவர் புருவ மத்தியை அழுத்துகிறார். ஒருவர் மூக்குத் தண்டை இரண்டு விரலால் கிள்ளிப் பிடிக்கிறார். இன்னொருவர் கன்ன எலும்பை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டு நிற்கிறார். அண்ணாச்சி அவர்கள் நீட்டும் சீட்டைப் பார்ப்பதற்கு முன் விரல் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறார்.

மூக்கைச் சுற்றி எலும்புக்குள் நான்கு ஜோடிக் காற்றறைகள் இருக்கின்றன. அவற்றில் பெரியது கன்ன அறை. அதன் வாசல் அடியில் இல்லை, மேலே இருக்கிறது. தொட்டியின் ஓட்டையை மேல் விளிம்பில் வைத்தது போல. உள்ளே ஊறும் சளி தானாக வழிந்து இறங்காது. உட்தோலில் இருக்கும் நுண்மயிர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளிக்கொண்டு போய் வாசலில் சேர்க்க வேண்டும். சளி பிடித்துத் தோல் வீங்கினால் வாசல் அடைபட்டுவிடும், அறை கனக்கும். குனிந்தால் முகமே கழன்று விழுவது போல இருக்கும்.

"கோலம் போடக் குனிய முடியல அண்ணாச்சி. நாலு புள்ளி வெக்கிறதுக்குள்ள கண்ணு இருட்டிக்கிட்டு வருது." சொன்ன அம்மாளின் விரல் நுனியில் கோலமாவு காயாமல் இருந்தது. அதே விரலால் நெற்றியைத் தொட்டதில் அங்கேயும் ஒரு வெள்ளைத் தீற்றல். அண்ணாச்சி நீர்க்கோவை மாத்திரை டப்பாவை எடுத்து வைத்தார்.

"சாப்பாட்டுக்கு முந்தியா, பிந்தியா?"

"உள்ளுக்குச் சாப்பிடுறது இல்லம்மா இது. வெந்நீர்ல கொழைச்சு நெத்தியில, மூக்குத் தண்டுல பத்துப் போடணும். கண்ணுகிட்ட போவாம பாத்துக்குங்க."

மாத்திரை என்ற பெயர் எத்தனை பேரை விழுங்க வைத்திருக்குமோ! அந்த அம்மாள் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, விரலி மஞ்சளும் இரண்டு கேட்டார். மஞ்சள் நுனியை விளக்கெண்ணெயில் தோய்த்து அகல் சுடரில் காட்டி, கருகிப் புகையும்போது ஊதி அணைத்து, அந்தப் புகையை ஒரு நாசியில் இழுப்பது அவருடைய அம்மா சொல்லித் தந்த வைத்தியம். கையில் மஞ்சளே இல்லாமல் வெறும் விரலை மூக்குக்கு நேராகப் பிடித்துச் செய்து காட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். அந்த நொடியில் அவர் கடையில் இல்லை, ஏதோ ஒரு பழைய வீட்டின் பூஜை மாடத்தின் முன் உட்கார்ந்திருந்தார். "வீட்ல யாருக்காச்சும் இழுப்பு, வீசிங் இருக்கா? இருந்தா அவங்க பக்கத்துல வெச்சுப் பண்ணாதீங்க" என்றார் அண்ணாச்சி. மூக்கில் விடும் எண்ணெய் ஏதாவது உண்டா என்று அந்த அம்மாள் கேட்டதற்குத் தலையாட்டி மறுத்தார். "நசியம் வைத்தியர் பாத்துச் சொல்லணும்மா. அரும்பாக்கம் சித்தா ஆஸ்பத்திரிக்குப் போங்க. பீனிசம்னு சொன்னா அவங்களுக்குத் தெரியும்."

அடுத்து வந்தவர் சட்டைப் பையில் பேனா குத்திய நடுவயதுக்காரர். கேட்டது பச்சைக் கற்பூரம், புதினா உப்பு, ஓம உப்பு. மூன்றையும் கடைப் பையன் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டான். பளபளக்கும் ஊசிகளாகப் புதினா உப்பு, கற்கண்டுத் துண்டுபோல ஓம உப்பு, பொடிந்த வெள்ளையாய்க் கற்பூரம். மூடியைத் திருகி உள்ளங்கையில் வைத்து உருட்டினான். ஊசிகளின் முனை முதலில் மழுங்கியது. பிறகு அடியில் ஈரம் கசிந்தது. மூன்று கட்டிகள் ஒன்றையொன்று தொட்டே உருகி, தண்ணீராகத் தெளிந்து நின்றன. ஒரு பொட்டுத் தீ இல்லை. வந்தவர் மூடியைத் திறந்து ஒரே ஒரு முறை முகர்ந்தார். தோள் இறங்கியது. முகத்தில் யாரோ சன்னலைத் திறந்துவிட்டது போல.

மூக்கின் பாதை அப்போது உண்மையில் அகலமாவதில்லை. புதினா உப்பு குளிரை உணரும் நரம்பைத் தொடுகிறது, காற்று தாராளமாக வருவதாக மூளை நினைக்கிறது. இதைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகும், அந்த நினைப்பினால் ஓர் இரவு தூங்குகிறவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. தூக்கம் கெட்ட முகத்தை நான் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

அதே குப்பியை இடுப்பில் குழந்தையோடு நின்ற பெண்ணும் கேட்டாள். குழந்தைக்கு இரண்டு வயதுகூட இருக்காது, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "யாருக்கும்மா?" "இவனுக்குத்தான் அண்ணாச்சி. கொஞ்சம் மூக்குல தடவலாம்னு." அண்ணாச்சியின் குரல் முதல் முறையாக உயர்ந்தது. "கற்பூரம் சின்னப் புள்ளைக்கு ஆவாதும்மா. வலிப்பு வந்துரும். ஆவியும் புடிக்காத. சட்டியைக் காலால தட்டிவிட்டுச்சுன்னா என்ன பண்ணுவ?" அவள் முகம் சுருங்கியது. குழந்தையின் மூக்கைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

தெருவில் அவளைத் தாண்டி, நடைபாதையில் நொச்சிக் கட்டு விற்கும் கிழவியிடம் நாலு பேர் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நொச்சி வேது நம் எல்லோருக்கும் தெரிந்தது. போர்வைக்குள் அந்த வாசனையோடு வியர்த்தவர்களுக்கு அதை விட்டுக்கொடுக்க வராது. ஆனால் பிரிட்டனில் 871 நோயாளிகளை வைத்து நடந்து, 2016-இல் கனடா மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வில் ஆவி பிடித்தவர்களுக்குச் சொல்லும்படியான குணம் தெரியவில்லை. உப்புநீரால் மூக்கைக் கழுவியவர்களுக்குக் கொஞ்சம் தெரிந்தது.

அந்த உப்புநீரைத் தேடி ஒரே ஒருவர்தான் வந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. நீண்ட மூக்கு வைத்த சின்னக் குவளையைக் கையில் எடுத்து, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவருக்கு ஜலநேத்தி வகுப்பே எடுத்தார். அரை லிட்டர் தண்ணீருக்கு முக்கால் டீஸ்பூன் பொடியுப்பு. தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, ஒரு நாசியில் ஊற்றினால் மறு நாசியில் வடியும். உப்பு கூடினாலும் எரியும், குறைந்தாலும் எரியும். கேட்டவர், "குழாய்த் தண்ணி போதுமா சார்?" என்றார். என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அமெரிக்காவின் லூசியானாவில் 2011-இல் குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இரண்டு பேரை மூளை தின்னும் அமீபா கொன்றது. நான் பேச வேண்டியிருக்கவில்லை. "கொதிக்க வெச்சு ஆறின தண்ணி மட்டும்தான்" என்று ஆசிரியரும் அண்ணாச்சியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்க வந்த இளைஞன் எதுவும் கேட்காமல் ஒரு சொட்டு மருந்துக் குப்பியை எடுத்து மேசையில் வைத்தான். "இதை விடணும் அண்ணாச்சி. எட்டு மாசமா இது இல்லாம தூங்கல. நாட்டு மருந்துல ஏதாச்சும் குடுங்க." மூக்கடைப்பை நொடியில் திறக்கும் அந்தச் சொட்டு நாலைந்து நாளுக்குத்தான். அதற்கு மேல் போனால், மருந்து இறங்க இறங்க மூக்கு முன்னைவிட அதிகமாக வீங்கும். மறுபடி சொட்டு, மறுபடி வீக்கம். அண்ணாச்சி குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இதுக்கு மாத்து எங்கிட்ட இல்ல தம்பி. மூக்கு டாக்டர்கிட்ட போ. எத்தினி மாசம்னு மறைக்காம சொல்லு." அவன் குப்பியைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு நிமிடம் அங்கேயே நின்றான். மூச்சு வாய் வழியாகத்தான் போய் வந்தது.

என் சீட்டில் கடைசிச் சரக்கை இடிக்கும் சத்தம் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்தாள். கல்லூரி வயது. சுக்கு நூறு கிராம் கேட்டாள், பற்றுப் போட. பையன் நிறுத்து, பேப்பரில் மடித்து, நூல் சுற்றி வைத்தான். காசு எடுக்கக் குனிந்தவளின் இடது கை, இடது கண்ணுக்குக் கீழே போய் அழுத்தியது.

அண்ணாச்சி காசை வாங்கவில்லை. "ஒரு பக்கம் மட்டுமாம்மா?"

"ஆமா. ஒரு மாசமா."

"நாத்தம் தெரியுதா?"

அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகத் தலையசைத்தாள்.

"மேல் வரிசைக் கடவாப்பல்லை நாக்கால தட்டிப் பாரு."

அவள் வாயை மூடியபடியே நாக்கை நகர்த்துவது கன்னத்தில் தெரிந்தது. சட்டென்று தோள் துள்ளியது. கண்ணில் நீர் வந்துவிட்டது. மேல் கடவாய்ப் பல்லின் வேர் கன்ன அறையின் தரையை ஒட்டியே நிற்கிறது. வேரில் பிடித்த சீழ் மேலே ஏறினால், எத்தனை பற்றுப் போட்டாலும் அது போகாது.

"மொதல்ல பல் டாக்டர்கிட்ட காட்டு. இன்னிக்கே போ."

அவள் பொட்டலத்தைப் பார்த்தாள், அண்ணாச்சியைப் பார்த்தாள், படியிறங்கிக் கூட்டத்தில் கலந்தாள். அண்ணாச்சி பொட்டலத்தை இழுத்து நூலைப் பிரித்தார். சுக்கை டப்பாவில் திருப்பிக் கொட்டினார். பேப்பரை நீவி அடுக்கின் மேல் வைத்துவிட்டு, நூலை விரலில் சுற்றிக்கொண்டே அடுத்தவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.