சிவப்புக் கோட்டுக்கு அடியில்

அந்தப் பத்து எண்களையும் அடித்தது நான்தான். குறிப்பேட்டில் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு, ஓரத்தில் "மேற்பரப்பு அழுக்கு" என்று காரணமும் எழுதினேன்.

இந்தியாவில் முதுகலை படித்த காலம். லேசர் அணுக்கரு இணைவில் எரிபொருளைச் சுமக்கும் உருண்டை சுமார் 2 மில்லிமீற்றர் குறுக்களவுதான். உள்ளே டியூட்டீரியமும் டிரிட்டியமும். வெளித்தோடு சூடேறிப் பீறிட்டுப் பறக்க, அந்த உதைப்பில் மிச்சம் உள்நோக்கி நசுங்கும். ராக்கெட் மேலேறுவதும் இதே விதியால்தான். அந்தத் தோட்டுக்குப் பிளாஸ்டிக், செம்பு கலந்த பெரிலியம், வைரம் எல்லாம் அமெரிக்காவில் சோதிக்கப்பட்டவை. பெரிலியத்தின் தூள் நஞ்சு. எங்கள் சிறிய ஆய்வுகூடத்தில் அதைத் தொட முடியாது. உலோகக்கலவை லேசர் பட்டு எப்படி உரிகிறது என்று பழக, பித்தளைத் தகடு ஒன்றைத் தந்தார்கள்.

ஒரே புள்ளியில் 100 துடிப்புகள் அடித்தேன். முதல் பத்தில் நிறமாலையில் துத்தநாகக் கோடுகள் எகிறின. பிறகு அடங்கிச் சீராகின. சீரான 90-க்கு மட்டும் சராசரி எடுத்தேன். வரைபடம் அவ்வளவு அழகாக வந்தது.

வழிகாட்டி அதை நெடுநேரம் பார்த்தார். "தம்பி, அந்த உருண்டைக்கு எத்தனை அடி விழும்?"

"ஒன்று, மேடம்."

சொல்லி முடிக்கும்போதே முகம் சுட்டது. துத்தநாகம் 907 பாகையில் கொதிக்கும், செம்பு 2562-இல். எனவே துத்தநாகம் முந்திக்கொண்டு ஆவியாக, செம்பு மிகுந்த தோல் ஒன்று மிஞ்சியிருந்தது. பதினோராவது அடியிலிருந்து நான் அளந்தது தந்த பித்தளையை அல்ல, என் லேசரே செய்த வேறொரு பொருளை. இணைவு லேசரின் உக்கிரத்தில் எல்லாமே ஒருசேரப் பிளாஸ்மாவாகும், கொதிநிலை வேற்றுமை அங்கே இப்படித் தெரியாது. ஆனால் அங்கும் அடி விழுவது தொடப்படாத மேற்பரப்பில், ஒரே தடவை.

அன்றிரவு அப்பாவின் ஒட்டுப்பால் பைதான் நினைவில் நின்றது. இலங்கையின் கேகாலையில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர் அவர். விடியுமுன் லயத்திலிருந்து இறங்கி, ஒவ்வொரு மரத்திலும் பழைய வெட்டில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்த பின்தான் கத்தி வைப்பார். உரித்ததை வீசியதே இல்லை. அது தனிப் பையில் சேரும், தனியே நிறுக்கப்படும். பள்ளி விடுமுறைகளில் அந்த நாற்றம் பிடித்த பையைச் சுமந்தவன் நான்.

மறுநாள் தகட்டை மெருகேற்றி, ஒரு புள்ளிக்கு ஓர் அடி என்று முதலிலிருந்து தொடங்கினேன். எண்கள் சிதறித்தான் வந்தன. எதையும் நீக்கவில்லை.

2022 டிசம்பர் 5 அன்று கலிபோர்னியாவின் லிவர்மோரில் 192 கதிர்கள் 2.05 மெகாஜூலைக் கொண்டுவர, இணைவில் 3.15 மெகாஜூல் வெளிவந்தது. அந்த உருண்டையின் தோடு வைரம். எங்கள் மாவட்டத்துப் போகல சுரங்கத்தில் காரீயமாகக் கிடக்கும் அதே காபன். செய்தியைப் படித்ததும் பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். சிவப்புக் கோட்டுக்கு அடியில் பத்து எண்களும் இன்னும் வாசிக்கும்படியே இருந்தன.