மூணு பாட்டு தூரம்

அந்த அம்மா ஓடுகிறாரா, நடக்கிறாரா என்று முதல் பார்வையில் சொல்ல முடியவில்லை. கால்கள் ஓட்டத்துக்கான துள்ளலோடுதான் எழும்பின. ஆனால் செய்தித்தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைவீசி நடந்த ஒரு பெரியவர் அவரைச் சுலபமாகத் தாண்டிப் போனார். அம்மா அதைக் கண்டுகொள்ளவில்லை. அடுத்த விளக்குக் கம்பத்தைப் பார்த்தபடி அதே வேகத்தில் வந்துகொண்டிருந்தார்.

வயது நாற்பத்தைந்தைத் தொட்டிருக்கும். சுடிதார், குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிந்த துப்பட்டா. காலில் ஆரஞ்சும் பச்சையுமாகப் புத்தம்புது ஷூ. அவரே கடைக்குப் போயிருந்தால் அந்த நிறத்தை எடுத்திருக்க மாட்டார். வலது காதில் இயர்போன். இடது காதுக்கானது கழுத்தோரம் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

மெரினாவின் காலையில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. கண்ணகி சிலைக்குத் தெற்கே நான் உட்காரும் சிமென்ட் பெஞ்சை விடிவதற்குள் நாலைந்து கவசங்கள் கடந்து போகும். சட்டைப் பையில் சுப்ரபாதம், இடுப்புப் பையில் எம்.ஜி.ஆர். படப் பாடல், அருகம்புல் சாறு விற்கும் வண்டியில் பண்பலை வானொலி. அவையெல்லாம் எல்லோருக்கும் கேட்பவை. அம்மாவின் பாட்டு அவருக்கு மட்டும் கேட்டது. எனக்கு அது அவருடைய உதட்டிலும் காலிலும் தெரிந்தது.

புதிதாக ஓட வருகிறவர்கள் பலரை இந்த நடைபாதை பார்த்திருக்கிறது. புத்தாண்டு பிறந்ததும் ஒரு கூட்டம் வரும். முதல் நாளே பாய்ந்து கிளம்பி, சில கம்பங்கள் தாண்டுவதற்குள் முழங்காலைப் பிடித்துக் குனிந்து நிற்பார்கள். மறுநாள் அவர்களைக் காணோம். தங்களுக்கு ஓட்டம் வராது என்று நினைத்துப் போய்விடுகிறார்கள். வராதது அந்த வேகம் மட்டும்தான் என்று அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றும். இந்த அம்மாவுக்குச் சொல்ல ஆள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் கூட வருவாள்.

“பேச முடியற அளவுக்குத்தான்மா ஓடணும். பேச்சு திக்குச்சுன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்.”

“தனியா ஓடறேன். யார்கிட்டடி பேசறது?”

“பாட்டு ஓடுதில்ல? கூடப் பாடு.”

அம்மாவின் கைபேசியில் மகள் போட்டுக் கொடுத்த ஒரு திட்டம் இருந்தது. ‘கவுச் டு ஃபைவ் கே’ என்று ஊரெல்லாம் பேசப்படும் ஒன்பது வாரத் திட்டம். ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர் 1996இல் உருவாக்கியது. ஐம்பது வயதைத் தாண்டிய தன் தாயை ஓட வைக்கத்தான் அவர் அதை யோசித்தார் என்பதை நினைத்துக்கொண்டு இந்தத் தாயையும் மகளையும் பார்த்தால் மனம் நிறைகிறது. முதல் வாரத்தில் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, இப்படி மாறி மாறி 20 நிமிடம். வாரத்துக்கு மூன்றே நாள். இருதயமும் மூச்சும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பழக மாதங்கள் ஆகும். அவற்றுக்காகத்தான் நடுவில் ஒரு நாள் ஓய்வு. அம்மா ஞாயிறு, செவ்வாய், வியாழன் வருவார். மற்ற நாட்களில் அந்த ஆரஞ்சு நிறத்தை நடைபாதையில் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிறு மகளிடம் புகார் சொன்னார். “அந்தத் திட்டத்துல ஓடு, நடன்னு ஒருத்தி நடுவுல நடுவுல வந்து பேசறா. பாட்டே கெட்டுப்போகுது. அவள நிறுத்திட்டேன்.”

“அப்புறம் எப்படிம்மா கணக்கு?”

பதில் சொல்லாமல் அம்மா ஓடப் போய்விட்டார். அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடக் கொஞ்ச காலம் ஆயிற்று. உதடு அசையும்போது ஓடினார். உதடு மூடியதும் நடந்தார். மறுபடி உதடு அசைந்ததும், யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டதுபோல ஓட்டம். பல்லவிக்கு ஓட்டம், இடையிசைக்கு நடை, சரணத்துக்கு ஓட்டம்! சரணம் முடிந்து பல்லவி திரும்பும் இடத்தில் வலது கை தொடையில் ஒரு தட்டு தட்டும். ஒரு பாட்டு இப்படிப் போனால் அடுத்த பாட்டு முழுக்க நடை. பிறகு இன்னொரு பாட்டுக்கு ஓட்டம்.

நாலரை நிமிடத் திரைப்பாட்டுக்குள் ஓட்டத்துக்கும் நடைக்கும் இவ்வளவு பொருத்தமாக இடம் பிரித்து வைத்திருக்கிறதே என்று வியந்துபோனேன். சில நாள் நடை நன்றாக நீளும். உதடு மூடியிருக்க, தலை மட்டும் இடமும் வலமும் அசையும். வயலின்கள் ஒரு பக்கம் ஏறி, புல்லாங்குழல் வந்து வாங்கிக்கொள்ளும் இளையராஜா பாட்டாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொள்வேன். சரியா தவறா என்று கேட்டுப் பார்த்ததில்லை.

அதே நேரத்தில் காவலர் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள் கூட்டமாகக் கடந்து போவார்கள். அவர்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். ஒருவர் காதிலும் எதுவும் இருக்காது. மூச்சு மட்டும் கேட்கும். லண்டன் புருனெல் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சியையும் இசையையும் நெடுங்காலம் ஆராய்ந்த காஸ்டாஸ் காராயொர்கிஸ் சொல்வது இந்த இரண்டு காட்சிகளுக்கும் பொருந்துகிறது. அளவான உழைப்பில் இசை களைப்பின் உணர்வைப் பத்தில் ஒரு பங்கு வரை குறைக்கும். உழைப்பு எல்லையை நெருங்கினால் உடம்பு போடும் கூச்சலில் இசை அமுங்கிவிடும். ஆக, பாட்டு பெரிதும் கைகொடுப்பது மெதுவாக ஓடுகிறவர்களுக்குத்தான், புதியவர்களுக்குத்தான். தாளத்தின் பிடி மட்டும் உச்சத்திலும் விடாது போலிருக்கிறது. எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசி 1998இல் பர்மிங்காம் உள்ளரங்கில் 2000 மீட்டர் உலக சாதனை படைத்தபோது ஒலிபெருக்கியில் ‘ஸ்கேட்மேன்’ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதன் தாளத்துக்கு அடியெடுத்து ஓடினார் அவர்.

நம்மவர்கள் பாட்டில்லாமல் பாரமான வேலை எதையும் செய்ததில்லை. ஏற்றம் இறைக்கப் பாட்டு, உலக்கை குத்தப் பாட்டு, நாற்று நடப் பாட்டு. கடலோர ஊர்களில் கரைவலை இழுப்பவர்களுக்கு அம்பாப் பாட்டு. ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடும் அந்தத் தாளத்தில்தான் கயிற்றைப் பிடித்த கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும். தூரம் நடப்பதற்கென்றே பிறந்த பாட்டும் உண்டு. ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்துப் போனபோது, வழிநடைக்காக அண்ணாமலை ரெட்டியார் பாடியவைதான் காவடிச் சிந்து. அந்தச் சந்தத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் கால் சும்மா இருக்காது. ஓடுவதற்கு என்று நமக்குத் தனியாகப் பாட்டு அமையவில்லை. அம்மா தனக்கானதைத் திரைப்பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டார்.

நடுவில் அவர் கொஞ்ச நாள் வரவில்லை. ஐப்பசி மழையா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, தெரியாது. இந்த இடைவெளியில்தான் பலரும் ஓட்டத்தை விட்டுவிடுகிறார்கள். திரும்பி வந்த அன்று அம்மா விட்ட இடத்தில் தொடங்கவில்லை. முழுப் பாட்டும் நடந்தார். அடுத்த பாட்டில் பல்லவிக்கு மட்டும் ஓடினார். சரணத்துக்கு உதடு அசைந்தது, கால் நடந்தது. அந்தப் பொறுமைக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்லலாம் என்றிருந்தது எனக்கு.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. பல்லவி முடிந்து உதடு மூடியது. கால் நிற்கவில்லை. தலை இடமும் வலமும் ஆடியது, கை தொடையில் தாளம் போட்டது, ஷூ நிதானமாகத் தரையைத் தட்டியபடி இருந்தது. இடையிசையையும் ஓடியே கடந்து சரணத்துக்குள் போய்விட்டார். அவருக்கே அது தெரிந்ததா என்று சொல்ல முடியாது. திரும்பி என் பெஞ்சைத் தாண்டும்போதும் ஓட்டம்தான். விவேகானந்தர் இல்லத்தின் பக்கம் உருவம் சிறுத்து மறையும்வரை பார்த்திருந்தேன்.

வெகுநேரம் கழித்து அருகம்புல் சாறு வண்டியருகே நின்றார், முகமெல்லாம் வேர்வை. பக்கத்தில் அவர் வயதே இருக்கும் இன்னொரு அம்மா, கையில் டம்ளர், காலில் ரப்பர் செருப்பு. தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“தினம் பாக்கறேன். எவ்ளோ தூரம்ங்க ஓடுவீங்க?”

“மூணு பாட்டு.”

“பாட்டா?”

“ஆமாங்க. நடுவுல நிக்காம மூணு பாட்டு. இன்னிக்குத்தான் வந்துச்சு.” துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “நீங்க ஆரம்பிக்கும்போது ஒண்ணு போதும். மொதல்ல மெதுவான பாட்டா வெச்சு நடங்க, உடம்பு சூடாகணும். ரொம்பப் புடிச்ச பாட்ட கடைசியில வைங்க, அது வர்ற வரைக்கும் விட மாட்டீங்க. ஒரு காதுல மட்டும் மாட்டுங்க, பின்னாடி பசங்க சைக்கிள்ல வர்றது தெரியணும். சோகப் பாட்டு வேணாம்னு எம் பொண்ணு சொல்லுவா. எனக்குச் சோகப் பாட்டுலயும் கால் நல்லாத்தான் ஓடுது.”

“அப்ப நாளைக்கே வரட்டுமா?”

“நாளைக்கு வேணாம், நாள் விட்டு நாள்தான் ஓடணும். வியாழக்கிழமை வாங்க. இந்தச் செருப்பப் போட்டுட்டு வந்துடாதீங்க.”