கல்லும் சொல்லும்

மறைந்தோர்க்குக் கல் நாட்டுதல் தமிழ்மக்கள் தொன்றுதொட்டு மேற்கொண்ட வழக்கம். இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்தபின் கில்காலில் பன்னிரண்டு கற்களை நாட்டியதும், பின்வரும் பிள்ளைகள் அவற்றின் பொருளை வினவி அறிதற்பொருட்டேயாம். கல்லே இல்லாத முன்னோரை எங்ஙனம் வினவி அறிவது? இவ்வினா சென்ற கோடை விடுமுறையில் ஏற்காட்டில் என் உள்ளத்தே எழுந்தது.

பெற்றோர், பாட்டியார், தங்கை ஆகியோருடன் சேலத்தினின்று பேருந்தில் புறப்பட்டு, இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து சேர்வராயன் மலையை அடைந்தேன். தங்கைக்கு ஏரியிற் படகேறும் ஆவல். எனக்கோ பரிசுத்த திரித்துவ ஆலயத்தைக் காணும் விருப்பம். 1863-ஆம் ஆண்டிற் பல்லாவரத்திற் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபுட் என்பாரின் நினைவுச்சின்னம் ஆங்குள்ளது. அவர்தம் மாமனாரே பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணைகொண்டு வேதாகமத்தைத் தமிழிற் பெயர்த்த அப்பெரியார், 1882-இல் இவ்வேற்காட்டிலேயே உயிர் நீத்தார். தமிழ் மாணாக்கனாகிய யான் அவரையும் என் முன்னோருள் ஒருவராகவே எண்ணி, ஆலயத்தில் நெடுநேரம் தலைதாழ்த்தி நின்றேன்.

வெளியே வந்தபோது பாட்டியார், "தம்பி, என் பாட்டனாரும் இந்த மலையிலேதான் மண்ணானார். அவரைப்பற்றி நீ ஒருநாளும் கேட்டதில்லையே!" என்றார்.

யான் வாயடைத்து நின்றேன். சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820-களில் இம்மலைக்குக் காப்பியைக் கொணர்ந்தார் என்பதை நூல்களிற் படித்திருந்தேன். பின்னாளில் ஒரு தோட்டத்திற் செடி நட்ட கூலியாள் எம் குலத்தவர் என்பதை அறியாதிருந்தேன். பாட்டியார் எங்களைச் சாலையோரத்துக் காப்பிச் சரிவொன்றிற்கு அழைத்துச் சென்றார். சவுக்கு மரம்போல் ஓங்கிய சில்வர் ஓக்கின் நிழலில் நின்று, "மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பார்கள். இங்கே வைத்தவரும் ஊற்றியவரும் அவரைப் போன்றவர்களே" என்றார். அவர் பெயரை வினவினேன். பாட்டியார் மெல்லக் கூற, என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எங்கள் வீட்டில் அப்பெயர் எழுத்தில் ஏறியது அன்றே முதன்முறை.

திரும்பும் வழியில் பெர்சிவலின் மற்றொரு நூல் நினைவிற்கு வந்தது. 1874-இல் அவர் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து வெளியிட்டார். அவற்றுள் எதனை முதலிற் சொன்னவர் எவரென்று எவரும் அறியார். ஏற்றம் இறைத்தோரும் நாற்று நட்டோரும் மாவாட்டிய மூதாட்டியருமே அவற்றை ஆக்கி வழங்கியிருப்பர். கல் பெறாத அம்மக்களுக்குப் பாதிரியார் சொல்லால் நாட்டிய நடுகல்லே அந்நூல் என்று எனக்குத் தோன்றியது.

அன்பர்காள்! அடுத்த விடுமுறையில் உங்கள் இல்லத்து முதியோரருகே ஒருகணம் அமர்ந்து, அவர்தம் முன்னோர் பெயரை வினவுங்கள். வினவுவார் இல்லையேல் கில்காற் கற்களும் வெறுங்கற்களே.