பால் மறவாப் பிள்ளையும் உறங்கா இரவுகளும்

பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே தரவேண்டும் என்பதை இன்று அறியாதார் இலர். மருத்துவமனைச் சுவர்களும், அங்கன்வாடிச் சுவரொட்டிகளும், ஆண்டுதோறும் ஆகஸ்டு முதல் வாரத்தில் நடைபெறும் தாய்ப்பால் வார விழாக்களும் அதையே எடுத்துரைக்கின்றன. அந்த ஆறு மாதம் கழிந்து, பல் முளைத்து, தவழ்ந்து, சுவரைப் பிடித்து எழுந்து நிற்கத் தொடங்கிவிட்ட பிள்ளை, நள்ளிரவில் நான்கு முறை விழித்து மார்பைத் தேடி அழுதால் என்ன செய்வது? இதைப் பற்றிச் சுவரொட்டிகள் பேசுவதில்லை. உற்றார் பேசுகிறார்கள், அவர்களது பேச்சும் பெரும்பாலும், "இன்னுமா பால் கொடுக்கிறாய்?" என்ற ஒரே கேள்வியில் முடிந்துவிடுகிறது.

அக்கேள்வியோடு நாங்கள் பல மாதங்கள் வாழ்ந்தோம். திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை நம்பி வாழும் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. கணவன், மனைவி இருவருக்கும் தொழிற்சாலை வேலை. ஒருவருக்கு மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். மற்றவருக்குப் பகல் வேலை. பால் கொடுத்தவர் எங்களில் ஒருவரேயாயினும் அந்த இரவுகள் இருவருக்கும் உரியவை என்பதால், இதை இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம்.

மகப்பேற்று விடுப்பு முடிந்து தாய் வேலைக்குத் திரும்பியபோது மகளுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. பகலெல்லாம் பாட்டியின் மடியில் கஞ்சியும் மசித்த பருப்புச் சோறும் உண்டு சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை, இரவு பத்து மணிக்குமேல் முற்றிலும் வேறொரு பிள்ளையாக மாறினாள். ஒன்றரை மணிக்கொரு முறை விழிப்பாள். பால் குடித்தபடியே உறங்குவாள். தூளியில் கிடத்தினால் மீண்டும் அழுவாள். ஒன்பதாம் மாதத்தில் கடிக்கவும் தொடங்கினாள். ஒரே அறையுள்ள வீடு. அடுத்த வீட்டாருக்கும் எங்களுக்கும் இடையே ஒரு சுவர்தான். ஆறு மணி ஷிப்டுக்குச் செல்ல வேண்டியவருக்கும் உறக்கமில்லை. ஏழரை மணிக்கு நிறுவனப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவருக்கும் உறக்கமில்லை. இயந்திரத்தின் முன் நிற்பவரின் ஒரு நொடிக் கண்ணயர்வு ஒரு விரலையே பறித்துவிடும். இதை அறிந்தவர்களாதலால், எங்கள் அச்சம் வெறும் களைப்பைப் பற்றியதன்று.

அறிவுரைகளுக்குக் குறைவில்லை. பால் பற்றவில்லை, புட்டிப்பால் கொடு என்றனர் சிலர். மார்பில் வேப்பெண்ணெய் தடவு, இரண்டே நாளில் மறந்துவிடும் என்றனர் வேறு சிலர். பத்து நாளைக்குப் பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிடு என்றார் நெருங்கிய உறவினர் ஒருவர். எல்லாரும் அன்பினாலேயே சொன்னார்கள். இந்நிலையில் பத்தாம் மாதத்தில், அடுத்த மாதம் முதல் தாயும் இரவு ஷிப்டுக்கு வரவேண்டியிருக்கும் என்று வேலையிடத்தில் தெரிவிக்கப்பட்டது. பெண்கள் இரவில் தொழிற்சாலைகளில் பணியாற்றக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்திருந்த தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் நீக்கியது. பெண்ணுக்கும் ஆணுக்கும் சம உரிமை என்ற அளவில் அத்தீர்ப்பு போற்றத்தக்கதே. எனினும், இரவெல்லாம் தாயைத் தேடும் பிள்ளையுள்ள வீட்டுக்கு அந்த உரிமை ஒரு பாரமாகவே வந்து சேர்ந்தது. ஒன்று, ஒரே வாரத்தில் பாலை மறக்கடிக்க வேண்டும். அல்லது வேலையை விடவேண்டும். வீட்டு வாடகையும், கடனும், மூத்த மகனின் பள்ளிக் கட்டணமும் இரண்டாவது வழியை அடைத்து நின்றன.

அப்போதுதான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடும் செவிலியரிடம் சென்றோம். அவர் முதலில் பிள்ளையின் எடையைப் பார்த்தார். பகலில் எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறாள் என்று கேட்டார். எடை சீராக ஏறியிருந்தது. "பால் பற்றாத பிள்ளை இப்படி வளராது அம்மா, இவள் பகலில் விட்டதை இரவில் வாங்கிக்கொள்கிறாள், அவ்வளவுதான்" என்றார். தாய் வேலைக்குச் செல்லும் வீடுகளில் இது வழக்கமாக நிகழ்வது என்று விளக்கினார். எட்டு, ஒன்பது மாதங்களில், தாய் கண்ணுக்கு மறைந்தால் அவள் எங்கோ போய்விட்டாள் என்பது பிள்ளைக்குப் புரியத் தொடங்குகிறது. ஆனால் திரும்பி வருவாள் என்ற உறுதி இன்னும் முழுமையாக வருவதில்லை. பல் முளைக்கும் நோவும் அதோடு சேர்ந்துகொள்கிறது. மேலும், பால் சுரக்கத் தூண்டும் இயக்குநீர் உடலில் இரவிலேதான் மிகுதியாக இருக்கிறது. ஆகவே இரவில் தேடும் பிள்ளை அடம் பிடிக்கவில்லை. சுரக்கும் நேரமறிந்து தேடுகிறது.

ஆறு முதல் பன்னிரண்டு மாதம் வரை பிள்ளைக்குத் தேவையான ஆற்றலில் பாதியோ அதற்கு மேலோ தாய்ப்பாலிலிருந்து கிடைக்கக்கூடும் என்றும், இரண்டாம் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு கிடைக்கக்கூடும் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. இணையுணவோடு இரண்டு வயதுவரையிலும் அதற்கு மேலும் பால் தரலாம் என்பதே அந்நிறுவனத்தின் பரிந்துரை. திடீரென்று நிறுத்தினால் தாய்க்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரவும் கூடும். குறைக்க விரும்பினால் படிப்படியாகக் குறைப்பதே இருவர்க்கும் நல்லது என்று செவிலியர் சொன்னார்.

அதன்பின் நாங்கள் செய்தவை மிக எளியவை. வேலை முடிந்து வந்ததும் சமையலைத் தொடும் முன், விளக்கைத் தணித்து, தொலைக்காட்சியை நிறுத்தி, அரை மணி நேரம் பிள்ளைக்கென்றே ஒதுக்கினோம். பகலில் கவனம் சிதறும் பிள்ளை அந்த அமைதியில் வயிறு நிறையக் குடித்தாள். படுக்கப் போகும் முன் இன்னொரு முறை. கடிக்கும்போது கூச்சலிடாமல், வாயின் ஓரத்தில் விரலை நுழைத்து மெல்ல விலக்கி, சற்றுப் பொறுத்துத் தந்தோம். சில நாள்களில் கடிப்பது நின்றது. முளைத்த பற்களைக் காலையும் இரவும் துடைத்துவிட்டோம். விழிப்பது பசியாலா, துணை தேடியா என்பதைக் கண்டறிய, நள்ளிரவுக்கு முன் வரும் முதல் விழிப்பைத் தந்தை ஏற்றார். தோளில் சாய்த்து, முதுகைத் தட்டி, அருள் நிறைந்த மரியே செபத்தைத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே நடப்பார். முதல் மூன்று இரவுகள் அழுகை ஓயவில்லை. நான்காம் இரவு, இரண்டாம் பத்து மணி முடியும் முன்னே தோளில் உறங்கினாள். அப்படியும் உறங்காத இரவில் பால் மறுக்கப்படவில்லை. தந்தைக்கு இரவு ஷிப்டு வரும் வாரங்களில் பாட்டி அந்த முறையை ஏற்றார். வேப்பெண்ணெய் கிண்ணம் அடுக்களைக்கே திரும்பியது.

வேலையிடத்தில், எழுத்து மூலம் இரவு ஷிப்டை மறுத்தோம். 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம், பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பால் கொடுக்க நாள்தோறும் இரண்டு இடைவேளைகளைத் தாய்க்கு வழங்கியது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது; ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டுமென்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்குச் சென்று வரலாமென்றும் விதித்தது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இவ்வுரிமைகளை ஏற்றுள்ளது. சட்டம் இவ்வளவு கனிவானது. ஆயினும் காப்பகம் இல்லாத இடத்தில், வீடு பல கிலோமீட்டர் தொலைவில் இருக்க, அந்த இடைவேளையில் தாய் யாருக்குப் பால் கொடுப்பாள்? மறுப்பு ஏற்கப்பட்டது; இரவுப்படியை இழந்தோம்; சில முகங்கள் சுருங்கின. ஒப்பந்தத் தொழிலாளராய் உள்ள சகோதரிகளுக்கு இந்த அளவு மறுக்கும் துணிவும் வாய்ப்பதில்லை என்பதை நாங்கள் அறிவோம்.

இக்காலத்தில் திருவிவிலியம் எங்களுக்குப் புதிய ஒளியில் தெரிந்தது. மக்கபேயர் இரண்டாம் நூலில், ஏழு மைந்தரை இழக்கும் அந்த வீரத்தாய், தன் கடைசி மகனிடம், ஒன்பது மாதம் சுமந்ததையும் மூன்றாண்டு பாலூட்டியதையும் சொல்லியே விசுவாசத்தில் நிலைத்திருக்க வேண்டுகிறாள். மறைச்சாட்சிய வேளையில் நினைவூட்டத் தக்கதாக அவளுக்குத் தோன்றியது அந்தப் பால்தான். அன்னா, சாமுவேல் பால் மறக்கும்வரை ஆண்டுப் பலிக்கே செல்லாமல் வீட்டில் தங்கினார். கணவர் எல்கானா அதற்கு இசைந்தார். மோசேயின் தாயோ, பாரவோன் மகளிடம் கூலி பெற்றுக்கொண்டு தன் மகனுக்கே பாலூட்டினார். உழைக்கும் தாய்க்குக் கூலியும் மடியில் பிள்ளையும் ஒருசேர வாய்த்த அந்த நிகழ்ச்சியைப் படித்தபோது, கும்மிடிப்பூண்டியில் அது ஏன் அரிதாயிற்று என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

தாய்த் திருச்சபையும் இதில் மௌனமாக இருந்ததில்லை. 1995-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள், தாய்ப்பால் குறித்து உரோமையில் கூடிய அறிவியலாளரிடம் பேசிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், இணையுணவோடு இரண்டாம் ஆண்டுவரை பாலூட்டத் தாய்மாருக்கு வழி செய்யப்படவேண்டும் என்னும் பன்னாட்டு அமைப்புகளின் வேண்டுகோளைச் சுட்டிக்காட்டினார். அதற்கேற்ற சமூகக் கொள்கைகளும் வேலைச் சூழலும் தேவை என்பதையும் எடுத்துரைத்தார். 2014-ஆம் ஆண்டு சனவரியில், சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்த திருத்தந்தை பிரான்சிஸ், பிள்ளை பசித்து அழுதால் அங்கேயே தயங்காமல் பாலூட்டுமாறு தாய்மாரிடம் கூறினார்.

நம் வேளாங்கண்ணி மரபையும் இங்கு நினைவுகூரலாம். பால் கொண்டுசென்ற சிறுவனுக்குக் குளக்கரையில் காட்சியளித்த அன்னை, அவனிடம் கேட்டது தம் திருமகனுக்குச் சிறிது பால். விண்ணரசியே தம் பிள்ளையின் பசிக்காகப் பிறரிடம் கையேந்தினார் என்பதை நம் முன்னோர் வெட்கமின்றிச் சொல்லிவந்துள்ளனர். அப்படியிருக்க, நம் வீட்டுத் தாய் உதவி கேட்க ஏன் கூச வேண்டும்? கேளாமலே உதவ நாம் ஏன் தயங்க வேண்டும்?

எங்கள் மகள் பதினான்காம் மாதத்தில் இரவில் ஒரு முறை மட்டும் விழிக்கத் தொடங்கினாள். இரண்டாம் பிறந்தநாளுக்குப் பின் தானாகவே பாலை மறந்தாள். ஈசாக்கு பால் மறந்த நாளில் ஆபிரகாம் பெரிய விருந்து அளித்தார் எனத் தொடக்கநூல் கூறுகிறது. நாங்கள் பாயசம் வைத்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம்.

அன்பு வாசகர்களே, உங்கள் அன்பியத்தில் இத்தகைய வீடொன்று நிச்சயம் இருக்கும். அங்கே செல்லும்போது, இன்னுமா பால் கொடுக்கிறாய் என்று கேட்பதை விடுத்து, ஒரு பிற்பகல் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தத் தாயை உறங்கச் சொல்லுங்கள். ஒரு வேளை உணவு சமைத்துக் கொண்டுபோங்கள். ஆலயத்தின் ஓரத்தில் ஓர் அறையை, ஒரு நாற்காலியும் மின்விசிறியும் வைத்து, பாலூட்டும் தாய்மாருக்கென ஒதுக்கும்படி பங்குப் பேரவையில் கேளுங்கள். தொழிற்சங்கத்தில் இருப்போர் காப்பகத்தைப் பற்றிக் கேளுங்கள். பெத்லகேமின் இரவில் பசித்து அழுத இறைமகன், உறக்கமின்றி விழித்திருக்கும் எல்லாத் தாய் தந்தையருக்கும் துணையிருப்பாராக.