மூன்றாகப் பிரித்த பேஸ்

நாலு தந்தி பேஸ் கிட்டாரில் தடித்த தந்தியின் அதிர்வெண் 41 ஹெர்ட்ஸ். கைப்பேசியின் குட்டி ஸ்பீக்கரால் அதை எழுப்ப முடியாது. அதனால் பேஸை மூன்றாகப் பிரிக்கிறேன் என்றான் பேரன். சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைத் தொடமாட்டானாம். நடுப்பகுதியில் கொஞ்சம் கரகரப்பு ஏற்றுவான். அந்த மேல்சுரங்களைக் கேட்டே, இல்லாத அடிச்சுரத்தை மூளை இட்டு நிரப்பிக்கொள்ளும். (நம் மூளைக்கு இது பழகிய வேலைதான்!)

மூன்றாவது, தந்தியில் விரல் உரசும் ஓசை. அதை மட்டும் தனியாகப் போட்டான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"ஓடிக்கிட்டுதான் இருக்கு தாத்தா."

வயதானால் முதலில் தேய்வது மேல் அதிர்வெண்கள்தானே. ஆனால் அடுக்களையிலிருந்து மனைவி, "என்ன அது, சரக் சரக்குன்னு?" என்றாள்.

திங்கட்கிழமைக்குக் காது டாக்டரிடம் டோக்கன் போட்டாயிற்று.